சுவரில் ஈரக்கோடு அழிவதற்குள்

வெள்ளம் வடிந்த மறுநாள் எல்லோரும் வாசலைக் கழுவிவிடுவார்கள். நானும் கழுவினேன். சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் பழுப்பாக ஒரு கோடு இருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று சோப்புத்தூளும் பிரஷுமாக அதையும் தேய்த்து எடுத்தேன். மூன்று மாதம் கழித்து ஓர் அலுவலகத்தில், “உங்க தெருவில எவ்வளவு தண்ணி நின்னுச்சு?” என்று கேட்டார்கள். ஒருவர் இடுப்பளவு என்றார், ஒருவர் முழங்கால் என்றார், நான் தொடையில் கை வைத்துக் காட்டினேன். ஒரே தெருவுக்கு மூன்று கணக்கு. கேட்டவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மதுரையைச் சுற்றி மனை வாங்கி, வீடு கட்டிக் குடிவந்து, முதல் பெருமழையில் நனைந்த பிறகு குடியிருப்போர் சங்கத்தில் பெயர் கொடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிராமத்துக்காரர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். மீண்டு எழுவதற்கு ஒரு திட்டம், அடுத்த வெள்ளத்துக்கு இன்னொரு திட்டம் என்று பிரித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வெள்ளத்துக்கான கணக்கு முழுவதும் இந்த வெள்ளத்தின் சேற்றில்தான் கிடக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டால் அதுவும் போய்விடும்.

முதல் பத்து நாள்

சேற்றில் கால் வைப்பதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணையுங்கள். சுவிட்ச் பெட்டியே நனைந்திருந்தால் தொடாதீர்கள், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். நனைந்த வயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகு மின்சாரத்தைப் போட்டால் போதும். பைக்கை உதைத்துப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் சின்ன செலவு பெரிய செலவாகிவிடும். குவிந்து கிடக்கும் துணி, விறகு, செங்கல்லுக்குள் கையை விடாதீர்கள், பாம்பு அங்கேதான் ஒதுங்கியிருக்கும். கடித்துவிட்டால் கட்டு, கீறல், பச்சிலை எதுவும் வேண்டாம். 108ஐ அழையுங்கள்.

சம்ப்பில் சாக்கடை கலந்திருக்கும். முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்த பிறகு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் கரைத்து ஊற்றுங்கள். ஒரு மணி நேரமாவது விட்டுப் பிறகு புழங்குங்கள். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்தே ஆகவேண்டும். செப்டிக் டேங்கை மட்டும் அவசரப்பட்டு உறிஞ்சச் சொல்லாதீர்கள். சுற்றி மண் ஊறிக் கிடக்கும்போது தொட்டியைக் காலி செய்தால், வெளித்தண்ணீரின் அழுத்தத்தில் தொட்டி தூக்கிக்கொள்ளும், அல்லது சுவர் உள்ளே சரியும். தரை இறுகும்வரை பொறுங்கள்.

இதற்கெல்லாம் நடுவில் ஒருவரை மட்டும் கழுவுகிற வேலையிலிருந்து விடுவித்து, கையில் பெயின்ட் டப்பாவைக் கொடுங்கள். தெருவுக்கு ஒரு சுவர் போதும், கோடு நன்றாகத் தெரிகிற சுவராக இருக்கட்டும். எனாமல் பெயின்ட்டில் அந்தக் கோட்டின் மேலேயே ஒரு சாண் நீளத்துக்கு இழுத்து, பக்கத்தில் தேதியை எழுதச் சொல்லுங்கள். கரண்ட் கம்பம் அரசாங்கச் சொத்து, அதில் எழுத வேண்டாம். கோயில் மதில், சமுதாயக்கூடச் சுவர், சம்மதிக்கிறவர் வீட்டுக் காம்பவுண்டு எதுவானாலும் சரி.

கோடு அழிந்துபோன வீடுகளுக்கு என்ன செய்வது? எங்கள் தெருவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கொத்தனார்தான் வழி காட்டினார். பூச்சு வேலைக்கு மட்டம் பார்க்க அவர் வைத்திருந்த கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயில், பதினைந்து மீட்டர் நீளமிருக்கும், தண்ணீரை நிரப்பினார். ஒரு நுனியை நான் பெயின்ட் கோட்டில் பிடித்துக்கொண்டேன். இன்னொரு நுனியை அவர் அடுத்த வீட்டுச் சுவரில் வைத்து மேலும் கீழும் நகர்த்தினார். “உங்க பக்கம் கோட்டுல நிக்குதாண்ணே?” என்று கேட்டு, நான் ஆமாம் என்றதும் பென்சிலால் கிழித்தார். குழாய்க்குள் ஒரு குமிழ் இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும் என்று இரண்டு தரம் சுண்டிச் சுண்டிக் குமிழை வெளியேற்றினார். இப்படியே வீட்டுக்கு வீடு தாண்டி, ஒரு மதியத்தில் தெரு முடிந்தது. தேங்கி நின்ற தண்ணீருக்குத்தான் இது சரிவரும். ஓடிய தண்ணீர் சரிவாக ஓடியிருக்கும், அங்கே அந்தந்த வீட்டுக் கறையைத்தான் நம்ப வேண்டும்.

அந்த மதியம் எங்கள் கண்ணைத் திறந்தது. என் வீட்டுத் தரைக்கு மேல் 40 செ.மீ. தண்ணீர். நான்கு வீடு தள்ளி, அதே தெருவில், 70 செ.மீ. அந்த வீட்டில்தான் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருந்தார். பார்வைக்குத் தெரு மட்டமாகத்தான் இருக்கிறது. யாரை முதலில் கிளப்ப வேண்டும், எந்த வீட்டு மோட்டாரை உயரத்தில் ஏற்ற வேண்டும், பிளக் பாயின்ட்டை எந்த அளவுக்கு மேல் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்தே முடிவு செய்தோம்.

பட்டியல்

ஒரு நோட்டுப் போடுங்கள். கதவு எண், குடும்பத் தலைவர், ரேஷன் கார்டு எண், ஆட்கள் எத்தனை பேர், தண்ணீர் எத்தனை செ.மீ., என்ன போயிற்று, படம் எடுத்தாயிற்றா என்று வரிசையாக. கழுவுவதற்கு முன்னால் எடுத்த படம்தான் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் உதவும். எங்கள் முதல் பட்டியலில் கதவு எண்ணே இல்லை, ‘பச்சைக் கேட் வீடு’ என்றெல்லாம் எழுதி வைத்திருந்தோம். திரும்பி வந்தது. இந்த வேலைக்கு உங்கள் பகுதி மகளிர் சுய உதவிக் குழுவில் ஒருவரைக் கெஞ்சியாவது பிடியுங்கள். நோட்டு எழுதுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

ரேஷன் கார்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புது நகர்களில் பாதிப் பேருக்குக் கார்டு இன்னும் பழைய முகவரியில்தான் இருக்கும். 2023 டிசம்பர் மழைக்குப் பிறகு தென்மாவட்டங்களில் கொடுத்த 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. முகவரி வேறு ஊரில் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். வெயில் காலத்திலேயே இ-சேவை மையத்தில் மாற்றிவிடுங்கள்.

மாடு கன்று வைத்திருப்பவர்கள் செத்த மாட்டை அவசரப்பட்டுப் புதைக்காமல் கால்நடை மருத்துவருக்கு முதலில் சொல்ல வேண்டும். அவர் சான்று இல்லாமல் நிவாரணக் கோப்பு நகராது. பயிருக்கு 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் இருந்தால்தான் கணக்கில் வரும். கிராம நிர்வாக அலுவலர் வருகிற அன்று வயலில் ஆள் இருக்க வேண்டும், பக்கத்து வயல்காரர் சொன்னால் போதாது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வைகையைத்தான் முதலில் கைகாட்டுகிறார்கள். வைகை அணை 71 அடி. நீர்மட்டம் 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று முறையாக அறிவிப்பு வரும். ஆற்றங்கரைத் தெருக்களும் தரைப்பாலத்தில் போகிறவர்களும் அதைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் 2024 அக்டோபர் 25 மாலை கொட்டிய மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது கரை மீறிய ஆற்று வெள்ளமல்ல. ஆற்றுக்குப் போய்ச் சேர வேண்டிய கண்மாய்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் பந்தல்குடி வாய்க்காலில் போக வழியில்லாமல் தெருவுக்கு ஏறின. புயலும் அப்படித்தான். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்து, திண்டுக்கல், கொடைக்கானல் வரை உள்ளே வந்தது. நம் பக்கத்துக்குப் புயல் என்றால் பெரும்பாலும் ஒரே ராத்திரியில் இறங்கும் மழைதான்.

அந்த மழையைத் தாங்குவதற்குத்தான் இந்த மண்ணில் கண்மாய்களைச் சங்கிலியாகக் கோத்து வைத்தார்கள். மேல் கண்மாய் நிறைந்தால், மிஞ்சிய தண்ணீர் வழிவதற்காகக் கட்டிய கலுங்கு வழியாக மறுகால் பாயும். அந்த மறுகால்தான் அடுத்த கண்மாய்க்கு வரத்து. சிறுமலையில் பெய்வது சாத்தையாறு அணைக்கு வந்து, அங்கிருந்து கண்மாய் கண்மாயாக இறங்கி வண்டியூர் கண்மாய்ப் பக்கம் வந்து, கடைசியில் வைகையைச் சேரும். இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணிக்கு மேலேயோ கீழேயோதான் உங்கள் நகர் இருக்கிறது. ஊர்ப்பெயர்களே காட்டிக்கொடுக்கும்: தல்லாகுளம், பீபிகுளம், கோசாகுளம், உலகனேரி. பெயரில் குளமும் ஏரியும் இருந்து, கண்ணுக்குத் தண்ணீர் தெரியாவிட்டால், நீங்கள் எதன்மேல் நிற்கிறீர்கள் என்று யோசிக்க வேண்டும். எங்களுக்கு மனை விற்றவர், “தண்ணிப் பிரச்சினையே கிடையாது சார்” என்று சொல்லித்தான் விற்றார். போர்வெல்லைச் சொல்கிறாரோ என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

ஆகவே ஆடி மாதம், தரை காய்ந்து கிடக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடங்கள். உங்களுக்கு மேலே உள்ள கண்மாயின் கலுங்கில் தொடங்கி, கீழே உள்ள கண்மாய்க்குள் தண்ணீர் விழுகிற இடம்வரை. கையில் கிராம வரைபடம் இருக்கட்டும். உங்கள் சர்வே எண்ணுக்குப் புல வரைபடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் வாய்க்கால் என்று இரட்டைக் கோடு ஓடும் இடத்தில் நிஜத்தில் சுற்றுச்சுவர் இருந்தால், சண்டை போடாமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். சண்டைக்குத் தனி நாள் இருக்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அது அளந்து, நோட்டீஸ் கொடுத்து நடக்கிற வேலை.

வழியில் பாலங்களைக் குனிந்து பாருங்கள். சாலைக்கு அடியில் குழாய் போட்டிருப்பார்களே, அதை டேப் வைத்து அளங்கள். நாலடிக் குழாய் இருந்த இடத்தில் இரண்டு இரண்டடிக் குழாய் போட்டுவிட்டு “அதே அளவுதான்” என்பார்கள். அல்ல, தண்ணீர் போகும் வாய் பாதியாகிவிட்டது. நாலு இரண்டடிக் குழாய் வைத்தால்தான் பரப்பு சமமாகும். அப்போதும் வேகம் குறையும், குப்பை அடைக்கும். எங்கள் நடையில் ஆகாயத்தாமரையும் தெர்மாகோலும் சேர்ந்து ஒரு குழாய்க்குத் தலையணைபோல மூடி போட்டிருந்ததைப் பார்த்தோம். அந்த ஒரு குழாய்தான் எங்கள் தெருவின் 40 செ.மீ.

உங்கள் பங்கையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 1,200 சதுர அடி மொட்டைமாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 11,000 லிட்டர். நூறு வீடு என்றால் 11 லட்சம் லிட்டர், அதை அப்படியே குழாய் வைத்துத் தெருவில் இறக்குகிறோம். மழைநீர்த் தொட்டி வீட்டு அனுமதிக்காகக் கட்டியதா, உண்மையில் தண்ணீரை உறிஞ்சுகிறதா என்று திறந்து பாருங்கள். எங்கள் வீட்டுத் தொட்டியில் முக்கால்வாசி மண்.

பெரியவரோடு ஒரு டீ

எங்கள் சங்கத்தின் முதல் கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானம்: கண்மாய் ஷட்டரை மழைக்கு முன்பே திறந்துவிட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் ஆயக்கட்டுக்காரர்களிடம், அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்கிறவர்களிடம், போனோம். டீக்கடையில் ஒரு பெரியவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, ஒங்களுக்கு மேல இருக்க கம்மா பேரு என்ன?” எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. “மறுகா தண்ணி எங்குட்டுப் போகுதுன்னாவது பாத்தீகளா?” அதுவும் இல்லை. “நாங்க ஒரு வருசம் மழையப் பாத்து மூணு வருசம் வானத்தப் பாக்குறவுக. இருக்க தண்ணியத் தொறந்துவிடச் சொல்றீக” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டீக்கும் அவரே காசு கொடுத்தார், அதுதான் எங்களுக்கு இன்னும் கூச்சமாகிவிட்டது.

புதியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அவர்களுக்குக் கண்மாய் நிறைய வேண்டும், நமக்கு வழியக் கூடாது. இரண்டு கோரிக்கையும் மோதுவதுபோலத் தெரியும். ஆனால் கலுங்குக்குக் கீழே வாய்க்கால் சுத்தமாக இருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது. தூர்வாரினால் அவர்களுக்குக் கொள்ளளவு கூடும், நமக்கு வெள்ளம் தாமதமாகும். ஷட்டரைப் பற்றிப் பேச்சையே எடுக்காதீர்கள். வரத்துக்கால், கலுங்கு, மறுகால் வாய்க்கால் என்று பேசுங்கள். வண்டல் மண்ணைத் தாசில்தார் அனுமதியோடு விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது, அதற்கு நம் சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். மடை திறக்கிற நீர்பாய்ச்சி இன்னும் பல ஊர்களில் இருக்கிறார். அவர் தொலைபேசி எண் உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

யாரிடம் மனு கொடுப்பது என்பதற்கு ஒரு சுருக்கு வழி: 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத்துறையுடையது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. மாநகராட்சி எல்லைக்குள் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. மனுவைத் தப்பான கதவில் தட்டி எட்டு மாதம் வீணாக்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், முதலில் ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

ஊராட்சியில் இருப்பவர்களுக்கு வருடத்தில் ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாய்க்கால் வேலைக்கு மே 1 தீர்மானத்தைக் குறிவையுங்கள். அக்டோபர் 2 அன்று கைதூக்கினால், மதிப்பீடு தயாராவதற்குள் ஐப்பசி பிறந்துவிடும். மாநகராட்சியில் நூறு வார்டு, ஐந்து மண்டலம். கவுன்சிலரிடம் ஒரு பிரதி, மண்டல அலுவலகத்தில் ஒரு பிரதி, பகுதி சபைக் கூட்டத்தில் ஒரு பிரதி. பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். மனுவோடு அந்தப் பென்சில் கோட்டுப் பட்டியலையும் குழாய் அளவையும் இணையுங்கள். ரசீது எண்ணை நோட்டில் எழுதுங்கள். புதுச் சாலை போட வருகிறார்கள் என்றால் ஒப்பந்தக்காரரிடம் பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள். 2021இலேயே தலைமைச் செயலரிடமிருந்து அறிவுறுத்தல் போயிருக்கிறது. சாலை ஏற ஏற உங்கள் வாசல் பள்ளமாகிறது.

சொந்த எச்சரிக்கை

வானிலை மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நிறங்களையும் மழை அளவுகளையும் பழகிக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ. தாண்டினால் கனமழை, 11.5 தாண்டினால் மிகக் கனமழை, 20.4-க்கு மேல் அதி கனமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது, அதற்கெல்லாம் நிறமே போதாது. ஆனால் மாவட்டத்துக்கு வருகிற எச்சரிக்கை உங்கள் தெருவுக்கு நேரம் சொல்லாது. அதை நீங்களே செய்துகொள்ளலாம். சுவர் நேராக இருக்கும் எவர்சில்வர் டப்பா ஒன்றை மொட்டைமாடியில் திறந்த இடத்தில் வையுங்கள், காலை 8.30க்கு ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். மேல் கண்மாய் ஊரில் இரண்டு மூன்று பேரின் எண்ணை வாங்குங்கள். அங்கே கலுங்கில் தண்ணீர் விழத் தொடங்கியதும் ஒரு அழைப்பு, அவ்வளவுதான். அந்த அழைப்புக்கும் நம் வாய்க்கால் நிரம்புவதற்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்று இரண்டு மழை பார்த்தால் தெரிந்துவிடும். எங்களுக்கு ஐந்து மணி நேரம். பாட்டியைக் கிளப்ப அது தாராளம்.

கிளப்பி எங்கே கொண்டுபோவது? சமுதாயக்கூடம் என்று எல்லாத் திட்டத்திலும் எழுதியிருக்கும். சாவி யாரிடம் என்று எழுதியிருக்காது. எங்களுக்குச் சாவி வைத்திருந்தவர் அன்று கல்யாணத்துக்குத் தேனி போயிருந்தார். பூட்டை உடைத்தோம், பிறகு புதுப் பூட்டுக்குக் காசு கட்டினோம். சாவி இரண்டு பேரிடம், இருவரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. பேரிடர் உதவிக்கு மாவட்ட எண் 1077, மாநில எண் 1070, இரண்டையும் கூடத்துக் கதவிலேயே எழுதிவிடுங்கள்.

கண்மாய்க் கரைக்கு அடியில் குடியிருந்தால் இன்னொன்று. மழை நேரத்தில் கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் கசிவு தெரிந்தால் கையில் ஏந்திப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக, மண்ணோடு வந்தால் உள்ளே எலி வளையோ நண்டு வளையோ வழியாகக் கரை அரிக்கிறது என்று அர்த்தம். உடனே கீழே உள்ள வீடுகளைக் காலி செய்துவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். கசியும் வாயில் துணியைத் திணித்து அடைக்க ஓடாதீர்கள், தண்ணீர் பக்கத்தில் வேறு வாய் தேடும். விவரம் தெரிந்தவர்கள் கசிவைச் சுற்றி மணல் மூட்டையால் கிணற்றுக்கு உறைபோல வளையம் கட்டுவார்கள். உள்ளே தண்ணீர் உயர்ந்து நின்று எதிரழுத்தம் கொடுக்கும், மண் வருவது நிற்கும்.

மூட்டையை முழுக்க நிரப்பக் கூடாது. பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பினால்தான் தட்டையாகப் படுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டும். செங்கல் கட்டுவதுபோல இணைப்பு மாற்றி அடுக்குங்கள். காலிச் சாக்கை மொட்டைமாடியில் போட்டு வைக்காதீர்கள். புரட்டாசியில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நாங்கள் போன வருடம் பார்த்தபோது, அறுபது சாக்கில் இருபது வெயிலில் இற்றுப்போய், தூக்கும்போதே கையில் நாராக வந்தது.